தட்டைக் காலி செய்த விருந்தாளி

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் பெண்கள் பள்ளிக்கு, வெளிநாட்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓர் அமெரிக்கப் பெண் வந்தாள். என் வயதுதான். மூன்று வாரம் ஒரு மாணவியின் வீட்டில் தங்க வேண்டும். அடுத்த வருடம் இங்கிருந்து ஒருத்தி அங்கே போகலாம். வகுப்பில் ஓரளவு இங்கிலீஷ் பேசுகிறவள் நான்தான் என்பதால் தலைமையாசிரியை எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் போகிறவர்கள் பட்டியலிலும் என் பெயர்தான் முதலில் இருந்தது. பள்ளிக் கமிட்டியில் இருந்த ஒரு பெரிய மனிதருக்கு இது பொறுக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் தன் பங்களாவில்தான் தங்குவாள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். என் அப்பாவோ தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்ப்பவர். போயும் போயும் அந்த வீடா என்று டீச்சர்கள் முன்னாலேயே கேட்டாராம்.

அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். பக்கத்துக் கிராமமான அகரத்தில் இருந்த மாமா வீட்டிலிருந்து கத்தரிக்காய், முருங்கைக்காய், இரண்டு கோழி எல்லாம் வந்து இறங்கின. கேப்பைக் களி தின்கிற வீட்டில் தினமும் நெல்லுச் சோறு, தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றி, தனிப் பானையில் ஊற்றி வைத்தாள்.

வந்தவள் தங்கமான பெண். கையால் பிசைந்து சாப்பிடப் பழகினாள். அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டாள். நான் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல் 'போதும்'. சொல்லிக்கொடுத்த நானே அதை மதிக்கவில்லை. நம் பக்கத்தில் விருந்தாளி போதும் என்றால் அது மரியாதைக்கு. அதற்கப்புறம் இரண்டு கரண்டி வைத்தால்தான் உபசாரம். "போதுங்குறாளேடி" என்று அம்மா தயங்குவாள். "கூச்சத்துல சொல்றா, வையிம்மா" என்பேன். அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிடுவாள். தட்டு காலியானால் இன்னும் பசி என்றுதானே அர்த்தம்? மறுபடி வைப்போம்.

நான்காம் நாள் காலையில் அவளுக்கு வயிற்றுவலி, வாந்தி. டாக்டர் வந்து பார்த்தார். அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருக்கிறாள், ஒரு நாள் கஞ்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இது கமிட்டிக்காரர் காதுக்கு எப்படிப் போயிற்றோ, ஒரு மணி நேரத்தில் அவர் கார் எங்கள் சந்து முனையில் வந்து நின்றது.

செருப்போடு உள்ளே வந்தார் அந்த ஆள். மூக்கில் கைக்குட்டை. அம்மா பத்திரமாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில், இந்த வீடு சுத்தமில்லை, என் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று என் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அதனால் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன், இந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்றாள்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "ஒன் சோத்தத் தின்னுதான் இப்பிடி ஆச்சுன்னு அந்தப் புள்ளையே சொல்லுது. இங்க இனி ஒரு நிமிசங்கூட இருக்காதாம்."

வாய் கூசாத பொய். அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். என்னை ஒரு பார்வை பார்த்து, "அடுத்த வருசம் நீதான போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெரியாமப் பண்ணிட்டேன்யா. புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டாள். டிரைவர் பெட்டியைத் தூக்கினார். அம்மா கும்பிட்டதைப் பார்த்துத் தன்னை அனுப்பிவைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, உங்கள் அம்மாவுக்கு என்மேல் கோபமா என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அதற்கும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஊருக்குப் போகும்வரை பள்ளியில் அவள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.

அடுத்த வருடம் அமெரிக்கா போனது யார் தெரியுமா? அந்த மனிதரின் அண்ணன் மகள். இதற்காகவா ஊமை மாதிரி நின்றேன் என்று என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அந்த ஒரு வருடமும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா காப்பியோடு நிறுத்திக்கொண்டாள். சோறு போடவே பயந்தாள். அண்ணன் மகள்தான் போகிறாள் என்று தெரிந்த அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய், அந்தப் பெண் உண்மையில் சொன்னதை எல்லாம் அழுதுகொண்டே கொட்டினேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"என்னையத் தேத்துறதுக்குச் சொல்ற. நெசமா இருந்தா அன்னைக்கே நீ சொல்லிருப்பேல்ல?"

எத்தனையோ தடவை சத்தியம் செய்தும் சாகும்வரை அவள் நம்பவில்லை. பொய் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்றும் ஆறவில்லை என்றாலும், அந்தப் பொய்யை என் அம்மா தலையில் நிரந்தரமாகக் கட்டிவிட்டது பக்கத்தில் நின்ற என் மௌனம்தான் என்பதை நினைக்கும்போது அவரைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் எரிகிறது.