மாமாவின் மிதவைச் சட்டை

என் மாமாவுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் கடல் கண்ணுக்குத் தெரியாத ஊரில் பிறந்தவர். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதற்கு மேல் தண்ணீரோடு சகவாசம் வைத்துக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் கயாக்கில் ஏறி மீன் பிடிக்கப் போகிறேன் என்று ஒருநாள் அறிவித்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கனடா விசா வரும்வரை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். யுத்த காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கண்டபடி வெளியே திரிய வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்ததால், ஒரு நிவாரண அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணக்கெழுத மட்டும் போவதும் வருவதுமாக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டுக்குத் திரும்பும்போது தன் சாமான்களை எல்லாம் அலுவலகத்து ஆட்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். மின்விசிறி ஒருவருக்கு, குளிர்சாதனப் பெட்டி இன்னொருவருக்கு. அன்றைக்கும் வழக்கம்போலப் பிந்திப் போன மாமாவுக்கு மிஞ்சியது மஞ்சள் நிறத்தில் ஒரு கயாக். ஒரு ஆள் கால் நீட்டி உட்காரக்கூடிய, தூண்டில் செருகி வைக்க ஓட்டை வைத்த, ஒடுங்கிய பிளாஸ்டிக் தோணி.

அதை வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. அப்பாவின் அக்கா வத்தளையில் இருந்தார். அந்த மாமியின் வீட்டுப் பின்மதிலைத் தாண்டினால் கால்வாய். கயாக் லொறியில் அங்கே போனது. மாமா மட்டும் எங்கள் வீட்டில் இருந்தபடி பயிற்சியைத் தொடங்கினார்.

வெள்ளைக்காரர் அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்ததை மாமா எங்களுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்தார். தோணியில் எழும்பி நிற்கக்கூடாது. மீன் இழுத்தால் அதன் பின்னால் சாயக்கூடாது. தலை எந்நேரமும் இடுப்புக்கு நேரே இருக்க வேண்டும். தொடங்குகிறவன் முதலில் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழக வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சுருட்டிய பாய்க்கு மேல் இஸ்திரிப் பலகையைப் போட்டு, அதில் கால் நீட்டி உட்கார்ந்து, விளக்குமாற்றால் விறாந்தையைத் துழாவி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கவிழ்ந்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, வீட்டில் யாருக்காவது வலிப்பா என்று அக்கறையாக விசாரித்தார்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டு ஒன்றும் பிடிக்கவில்லை. "நீந்தத் தெரியாதவனுக்கு என்னத்துக்கடா தோணி?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், கடைசியில் தையல் மெஷினைத் திறந்தார். வெள்ளைக்காரர் கயாக்கைக் கொடுத்தாரே தவிர, அதோடு போட வேண்டிய உயிர்காப்பு அங்கியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அம்மா பழைய காற்சட்டைத் துணியில் கையில்லாத ஒரு சட்டை தைத்தார். முன்னுக்கும் பின்னுக்கும் வரிசை வரிசையாகப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் டீவி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்திருந்த ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத்தக்கையைச் செங்கட்டிபோல வெட்டி அடைத்து, வாயைத் தைத்து மூடினார். நெஞ்சைச் சுற்றிக் கட்ட நாடாக்கள். நாங்கள் அதற்கு மிதவைச் சட்டை என்று பெயர் வைத்தோம். நான் அதைவிட நேர்த்தியான தையலை அதற்குப் பிறகும் கண்டதில்லை.

சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா அந்தச் சட்டையை மாமாவுக்குப் போட்டுவிட்டார்.

"அங்க போய்ப் போடுறன் அக்கா."

"நீ போடமாட்டாய். எனக்குத் தெரியாதே உன்னை? இஞ்ச இருந்தே போட்டுக்கொண்டு போ."

"மூச்சு விடேலாமல் கிடக்கு."

"தண்ணிக்குள்ள மட்டும் விடலாமோ?"

அம்மா நாடாக்களை முதுகுப்பக்கம், மாமாவின் கை எட்டாத இடத்தில் இறுக்கி முடிந்தார். பஸ்ஸில் சனம் சிரிக்கக்கூடாது என்பதற்காக மேலே அப்பாவின் பெரிய சேர்ட் ஒன்றை மாட்டிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தோணியில ஏறுமட்டும் மாமாவ விட்டு அங்கால இஞ்சால போகக்கூடாது. உந்தச் சட்டையைக் கழட்டினா வந்து எனக்குச் சொல்லு" என்றார். நான்காம் வகுப்பில் படித்த எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய கண்ணுக்குள் அன்றைக்குக் கால்வாய் மட்டும்தான் இருந்தது. உடம்பில் குண்டு கட்டி வருகிறவர்களைத் தேடிச் சந்திக்குச் சந்தி சோதனை நடந்த கொழும்பு இருக்கவில்லை.

கோட்டையில் பஸ் மாறினோம். வத்தளைக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். மாமா படியில் இறங்கியவர், இராணுவத்தினர் ஒவ்வொருவராகத் தடவிப் பார்ப்பதைக் கண்டதும் நின்றார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். பிடித்திருந்த என் கையை விட்டார்.

"பிள்ளை, நீ போய் அந்த வரிசையில நிக்கிற அன்ரியோட நில்."

"மாட்டன்."

"சொல்வழி கேளம்மா. தூரப் போய் நில்."

"அம்மா விடக்கூடாதெண்டு சொன்னவா."

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. சிப்பாயின் கை மாமாவின் நெஞ்சில் பட்டது. வரிசையாக இருந்த கட்டிகளில் பட்டது. கை சுட்டதுபோல அவன் பின்னால் பாய்ந்து, கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கத்தினான். வரிசையில் நின்ற சனம் போன இடம் தெரியவில்லை. சிப்பாய்களின் துவக்கு முனைகள் எல்லாம் மாமாவைப் பார்த்தன. மாமா இரண்டு கையையும் உயர்த்தியபடி, முழங்காலால் என்னைத் தள்ளிவிட்டார். நான் தாரில் குந்தி விழுந்தேன்.

அப்போதுதான் அதைச் சொன்னார். கடையில் வெங்காயம் கேட்பதற்குக்கூடச் சிங்களம் வராமல் விரலால் காட்டுகிறவர், ஒரு பிழையும் விடாமல் முழு வசனமாகச் சொன்னார்: "மே லமயாவ மம தன்னே நே." இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் அத்தனையையும் திரட்டி, அந்தப் பாலமே கேட்கும்படி கத்தினேன். "மகே மாமா! மகே மாமா! பீனண்ட பே!" என்னுடைய மாமா, அவருக்கு நீந்தத் தெரியாது.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மீனையும் தோணியையும் அம்மாவின் தையலையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒரு அதிகாரி மாமாவைத் தூரத்தில் தனியே நிறுத்தி, சேர்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினார். பிறகு மிதவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அதுதான் முடியவில்லை, முடிச்சு முதுகில் இருந்தது. கடைசியில் ஒருவன் வந்து கத்தியால் ஒரு பையைக் கீறினான். உள்ளே இருந்து வெள்ளை வெள்ளையாக ரெஜிபோம் உதிர்ந்து காற்றில் பறந்தது. அடுத்த பையிலும் அதுதான். ஒரு பை விடாமல் கீறினார்கள். அம்மா இருந்திருந்தால் அந்தத் தையலுக்காகவே அழுதிருப்பார்.

மாமாவை உள்ளே இருத்தி, அட்டையைப் பார்த்து, எங்கெங்கோ பேசி விசாரித்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மினக்கெடுத்தினார்கள். வெளியே விட்டபோது அந்த அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் நீந்தப் பழகிக்கொள், தம்பி, என்று சிங்களத்தில் சொல்லி மாமாவின் தோளில் தட்டினார். மாமாவும் சிரித்தார். தலைமயிர் முழுக்க வெள்ளைத் துகள்.

வத்தளைக்கு வந்த பிறகு, மாமா கயாக்கில் ஏறினார் என்பதையும் சொல்ல வேண்டும். மாமி கயிறு கட்டிப் பிடித்திருந்தார். மாமா எழும்பவில்லை, சாயவில்லை, தலையை இடுப்புக்கு நேரேயே வைத்திருந்தார். ஒரு மீனும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. திரும்பி வந்து கரையில் கால் வைத்தபோது கயாக் பின்னால் நழுவ, தடால் என்று தண்ணீருக்குள் போனார். தண்ணீர் இடுப்பளவு. மாமி சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவரோடு கோபம்.

பின்னேரம் வீட்டில் மாமா எல்லாவற்றையும் பகிடியாக நடித்துக் காட்டினார், ஒரு வசனத்தைத் தவிர. அதை நான்தான் சொன்னேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, நீதிமன்றத்தில் சொல்வதுபோலச் சொன்னேன். "மாமா ஆமிக்காரரிட்ட என்னைத் தெரியாதெண்டு சொன்னவர். தள்ளியும் விழுத்தினவர்."

மாமாவுக்கு நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அப்பா பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே விட்டுவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தலையை நிமிர்த்தவில்லை. அம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். வத்தளையில் வாங்கிவந்த அறக்குளா மீன் பொரித்திருந்தது. அதில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான். அம்மா அதைக் கொண்டுவந்து, என்னைத் திரும்பியும் பாராமல், மாமாவின் கோப்பையில் வைத்துவிட்டு, அவருடைய தலையில் கையை வைத்தபடி கனநேரம் நின்றார்.

பொய் சொன்னவருக்கு நடுத்துண்டு. உண்மை சொன்ன எனக்கு வால். இப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா என்று, அன்றைக்கு நான் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு அழுதேன்.