எறும்புகளும் நடித்த படம்

மறையூரில் எடுத்த அந்தப் படத்தில் வேறு கிரகத்து உயிராக நடித்தது நான்தான். ஆகவே அதன் குறைகளைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நிறைகளைச் சொன்னால் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

என் ஊர் மீனாட்சிபுரத்துப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் இடத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். சூடு ஒத்துக்கொள்ளவில்லை. மறையூருக்குக் கரும்பு வெட்டப் போனேன். வெட்டு முடிந்ததும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்புக்குச் சக்கை தள்ளும் வேலை கொடுத்தார்கள். அங்கும் சூடுதான். சக்கை மேலேயே படுத்துக்கொள்வேன். நல்ல மெத்தை, எறும்பு மட்டும் கடிக்கும்.

படம் எடுத்தவர் எஸ்டேட்டில் பிறந்தவர், சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். கையில் ஒரு போன், மனசில் ஒரு கதை. வானத்திலிருந்து ஒரு கலம் வெல்லக் கொப்பரையில் விழுகிறது. நுரையிலிருந்து ஓர் உயிர் எழுந்து வந்து, வெல்ல உருண்டை போலவே முட்டை இடுகிறது. தெரியாமல் தின்றவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். நிறுத்த முடியாது. சிரித்துச் சிரித்தே அதன் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். கொட்டகையில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் தின்னாமல் தப்பித்து நிற்கிறாள். அந்தப் பெண்ணாக அவர் மனைவியே நடித்தார்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வானத்துக் கலம் குக்கர் மூடிதான், கட்டிய நூல் நன்றாகத் தெரியும். விஞ்ஞானியாக வந்த இன்னொரு ஜீப்காரர் ஏதோ கதிர்வீச்சு பற்றி நீளமாக விளக்குவார். அவருக்கும் புரியவில்லை, நமக்கும் புரியாது. எனக்குக் கறுப்புத் தார்ப்பாயும் காய்ந்த கரும்பு இலையான சோகையும் சுற்றியிருந்தார்கள். சோகை கழுத்தை அறுத்ததில் நான் துள்ளியதைப் பார்த்து, நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். காலில் ரப்பர் செருப்பு தெரியும்.

பேச்சிலும் ஒரு சிக்கல் வந்தது. ஊரை மிரட்டும் காட்சியில், "இந்த ஊரையே அழிச்சுப் போடுவனுங்க" என்றேன்.

அவர் போனை இறக்கினார். "அண்ணே, அழிக்கப் போற எடத்துல எதுக்குண்ணே 'ங்க'?"

"மின்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட வேற எப்படிங்க தம்பி பேசறது?"

அப்படியே இருக்கட்டும் என்று அவர் மறுபடி போனைத் தூக்கினார்.

முட்டைகளும் குறைந்துகொண்டே வந்தன. படப்பிடிப்புக்கு வந்தவர்கள் டீயோடு கடித்துத் தீர்த்தார்கள். முதல் காட்சியில் குவியல், கடைசியில் ஒன்றே ஒன்று. அதற்காகவே எனக்கு ஒரு வசனம் சேர்த்தார்: "ஏனுங்க, என்ற முட்டைய ஆருங்க தின்னது?"

இனி நிறை. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், மீதி உருண்டைகளை எறும்பு மூடியிருந்தது. கறுப்பாக, மூச்சு விடுவதுபோல அவை அசைந்தன. அவர் மண்டியிட்டு அதைப் போனில் படம் பிடித்தார். படத்தில் உண்மையாகவே பயமுறுத்துகிற இடம் அதுதான். இன்னொன்று அவர் மனைவியின் முகம். அவர் கத்தவே மாட்டார். அடுப்பைப் பார்க்கிற மாதிரியே என்னையும் பார்ப்பார். தீயோடு பழகியவர் பார்க்கிற பார்வை. அதைப் பார்த்து எனக்கே என்மேல் பயம் வந்தது.

அந்த அம்மாவின் அண்ணன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் தங்கை கணவருக்கு வேலை பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அதனால் அந்த அம்மா என் முன்னாலேயே கணவரிடம் ஒரு பந்தயம் கட்டினார்.

"ஞாயித்துக்கெழம படத்தப் போடுங்க. ஆளுக பாதியில எந்திரிச்சுப் போனா, மறுநா நீங்க கஞ்சிக்கோட்டுக்கு வண்டி ஏறணும். கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா இனி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"கதாநாயகிக்கே நம்பிக்க இல்லயா?"

"கதாநாயகிக்கு மொத்தம் ரெண்டு சேல. அதுவும் எஞ் சேல."

ஞாயிறு மதியம் சமூகக் கூடத்தின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடினோம். சந்தைக்கும் கோயிலுக்கும் இறங்கி வந்த எஸ்டேட் சனங்கள் பைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். என் பையும் நாற்காலிக்கு அடியில் இருந்தது. வெல்லம் காய்ச்சுவதும் முடிந்துபோன ஊரில் எனக்கு வேலை இல்லை. படம் முடிந்ததும் வேலை தேடி மூணாறு பஸ்ஸில் போய்விடுவதாக இருந்தேன். கரண்டு போய் வந்ததில் படம் தாமதமாகத்தான் தொடங்கியது.

குக்கர் மூடிக்குச் சிரித்தார்கள். என் செருப்புக்குச் சிரித்தார்கள். முட்டையைத் தின்றது யார் என்று நான் கேட்டதற்குக் கைதட்டினார்கள். எறும்பு வந்ததும் கூடம் அடங்கிப் போனது.

கடைசி உருண்டையை அந்தப் பெண் கையில் எடுக்கிறாள். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாக இருப்பதா, அவர்களோடு சேர்வதா? உருண்டை வாயருகே போகிறது. வெளியே மூணாறு பஸ் ஹார்ன் அடித்தது.

மலை மேல் எஸ்டேட்காரர்களுக்கு அதை விட்டால் வீடு போய்ச் சேர வண்டி இல்லை. எல்லோரும் எழுந்தார்கள். கண் திரையில், கால் வாசலில். படம் எடுத்தவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பஸ்ஸுக்கு ஓடினார். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க, படம் முடியப் போவுது."

"பற்றில்ல சேச்சி, முடியாது," என்றார் கண்டக்டர். "வழியில காட்டு ஆன நிக்குது. இருட்டுக்கு முன்ன மல ஏறணும்."

அதற்குள் ஜன்னலில் இருந்து ஒரு பெரியம்மா தலையை நீட்டினார். "ஏத்தா, நீ அதத் தின்னியா இல்லயா? அத மட்டும் சொல்லு."

"அந்த 'ங்க' போட்டுப் பேசுத பேய் செத்துச்சா?" என்று பின் ஜன்னல் கேட்டது.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

"அடிப்பாவி, ஒரு வாரம் எப்பிடி இருக்கது?"

பஸ் போய்விட்டது. நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

கூடத்தில் கணவர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. பேச்சுன்னா பேச்சுதான். நாளைக்குக் கெளம்புறேன்."

அந்த அம்மா கம்பளியை இறக்கி மடித்தார். வெளிச்சம் உள்ளே வந்தது. "நீங்க கெளம்பிட்டா அடுத்த ஞாயித்துக்கெழம யாரு போடுறது? எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அவர் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு மனைவியையே பார்த்தார். அந்த அம்மாவோ கம்பளியின் இன்னொரு முனையை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, பைய மறுபடி கொட்டகையில கொண்டுபோயி வைங்க. நீங்க சாவுறத இன்னும் எடுக்கலயே, வாரவங்களுக்கு அதக் காட்ட வேண்டாமா?"

"வெச்சர்றனுங்க" என்று சொல்லி முனையைப் பிடித்துக்கொண்டேன்.