அவர் பெயிண்ட் சட்டை

இன்னைக்குப் போகி. எங்க வீட்டுக்காரர் ஆவணியில தவறிட்டதால எங்க வீட்ல இந்த வருஷம் பண்டிகை கிடையாது. கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருந்தேன்.

காலையில குப்பை வண்டி வந்துச்சு. வண்டியில வர்ற அம்மா வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க.

"யக்கா, பழசு இருந்தா எரிக்காம எங்கிட்ட குடு."

"எங்களுக்குப் பண்டிகை இல்லம்மா."

"பண்டிகை இல்லாங்காட்டி இன்னா? பழசு இல்லாத வூடு ஏதுக்கா?"

அவர் பெயிண்ட் வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை கதவுக்குப் பின்னாடி தொங்குது. இரும்புலியூர்ல அவர் அடிச்ச வீட்டுக் கலரெல்லாம் அதுல இருக்கு. துவைச்சா அவர் வாசனை போயிடும்னு இத்தனை மாசமா தண்ணியில போடல.

பொண்ணு தினமும் திட்டுறா. "சோறு ஆறுது, நீ அந்தச் சட்டையவே பார்த்துட்டு உக்காந்திரு. எடுத்துடும்மா."

இன்னைக்கு எடுத்துக் குடுத்துட்டேன். கைதான் உடனே விடல.

அந்தம்மா உதறிப் பார்த்தாங்க. "நல்லாத்தான்க்கா கீது. வேலைக்கு நானே போட்டுக்கவா?"

நான் தலையாட்டினதும் புடவை மேலேயே மாட்டிக்கிட்டாங்க.

தெருமுனை திரும்புற வரைக்கும் அந்த முதுகையே பார்த்துட்டு நின்னேன். "சாப்பிட்டுப் போங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

குடுத்துட்டா கண்ணுல படாதுன்னு நினைச்சேன். இனிமே தினமும் காலையில அது எங்க வாசலுக்கே வந்து நிக்கும். குப்பை போட நான் போறதா, பொண்ணை அனுப்புறதா? நீங்களே சொல்லுங்க.