தட்டிப் பார்க்காத கம்பி

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், பிற்பகல் 3:10. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலையின் பழக்கம். அதனால் நேரத்தில் எனக்குத் தவறு வராது. தவறு வேறு இடத்தில் வந்தது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நரம்புகளைச் சோதிப்பது என் வேலை. தசைமேல் சின்ன உலோகத் தட்டுகளை ஒட்டினால், நரம்பு அந்தத் தசைக்குப் போடும் ஒவ்வொரு உத்தரவும் ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்கும். சும்மா கிடக்கும் கையில் சத்தமே இருக்காது. நோயாளிகள் கேட்டால் நான் விளக்குவதுண்டு. ஒரு நரம்பணு அடுத்ததைத் தொடுவதில்லை. நடுவில் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி. இந்தக் கரையில் துளி ரசாயனம் கசியும். அந்தக் கரை அதை வாங்கிக்கொண்டு அடுத்ததிடம் சொல்லும். நாம் நடப்பது, அழுவது, எரிந்து விழுவது எல்லாமே இந்தக் கைமாற்றுதான். அந்த இடைவெளி காலியாகத்தான் இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

எனக்கு முன்னால் அதே வேலையில், என் நாற்காலியில் இருந்தவரைப் பெரியக்கா என்பார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. நோயாளிகளிடம் அவர் பேசும் விதத்தை வார்டு ஆயா எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"கையை மரக்கட்டையா வச்சுக்கோ ராசாத்தி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அப்போது நான் அந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம். அதற்கு முந்தின மாதம் என் கணவர், நான் டீயில் சர்க்கரை கலக்குவதைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இடது கைக்கு மாறினாய், கல்யாணத்தின்போது வேறு ஆளாக அல்லவா இருந்தாய் என்று கிண்டல் செய்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 11:40. தீவிர சிகிச்சைப் பிரிவு, ஏழாவது படுக்கை. அங்கே ஒரு தையல்காரப் பெண். பதினாறு நாளாக அசைவில்லை. கண்மணிகூட நகரவில்லை. மூச்சு விட இயந்திரம். மூளையில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு டாக்டர்களும் வீட்டாரும் கூடுவார்கள். நான் கொண்டுபோகும் காகிதத்தில் கோடு நேராக இருந்தால், இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்.

அப்படிப்பட்ட சோதனைக்கு ஒரு முறை உண்டு. தலையில் ஒட்டிய ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கோடு துள்ள வேண்டும். துள்ளினால்தான் கம்பிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

தட்டுவதற்கு விரலை நீட்டினேன். அவள் கணவர் தலைமாட்டில் நின்றார். கையில் அவளுடைய கத்தரிக்கோல் உறை.

"நான் பேசறது அவளுக்குக் கேக்குமாம்மா?"

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, பொத்தானை அழுத்திவிட்டேன். தட்டவில்லை. முப்பது நிமிடம், நேர்கோடு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினேன். படியில் என் மனதில் இருந்தது துக்கமல்ல. அவரிடமிருந்து தப்பித்த நிம்மதி. அதையும் சொல்லிவிட வேண்டும்.

3:10. அடுத்த நோயாளி வருவதற்கு முன் இயந்திரத்தை என் கையிலேயே சோதித்துக்கொள்வது வழக்கம். வலது கைக் கட்டைவிரல் மேட்டில் தட்டுகளை ஒட்டினேன். காலையில் அவள் தலைக் கம்பிகளை இணைக்க எடுத்துப் போன அதே தடித்த கேபிளைச் செருகினேன். கையைத் தளரவிட்டேன்.

டக்... டக்... டக்...

கை அசையவில்லை. தளர்ந்துதான் கிடந்தது. ஆனாலும் சத்தம் வந்தது. மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, சட்டென்று நின்றது. மறுபடி மெதுவாக... வேகமாக... நிறுத்தம். எங்கேயோ கேட்ட சத்தம்.

3:13. கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்து விரலால் தட்டினேன்.

கோடு துள்ளவில்லை.

மறுபடி தட்டினேன். ஒவ்வொரு கம்பியாக. எதுவும் துள்ளவில்லை. கேபிள் செத்திருந்தது. உள்ளே எங்கோ அறுந்துபோயிருந்தது. காலையில் நான் எழுதிக் கொடுத்த நேர்கோடு அவளுடையதல்ல. இந்தக் கேபிளுடையது.

அப்படியானால் இந்தச் சத்தம்?

கேபிளைப் பிடுங்கினேன்.

டக்... டக்... டக் டக் டக் டக்...

நிற்கவில்லை.

இப்போது புரிந்தது. தையல் இயந்திரம். நேராக ஒரு ஓட்டம். துணியைத் திருப்ப ஒரு நிறுத்தம். மறுபடி ஓட்டம்.

தரையில் இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. குனிந்து பார்த்தேன்.

என் இடது கால்.

குதிகால்... முன்பாதம்... குதிகால்... முன்பாதம்...

மிதித்துக்கொண்டிருந்தது.

நிறுத்து என்று நினைத்தேன். நிற்கவில்லை.

கையால் முழங்காலை அழுத்தினேன்.

கைக்குக் கீழே தசை துடித்தது.

கால் என்னுடையது. உத்தரவு என்னுடையதல்ல.

3:24.

சத்தம் நின்றது. காலும் நின்றது.

இரண்டு இரண்டு படியாக ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது 3:31. பெரிய டாக்டர் கையில் என் காகிதம். இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"காலையில தட்டிப் பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். புதுக் கேபிள் வந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். துள்ளின. பொத்தானை அழுத்தினேன்.

திரை முழுக்க அலைகள். விழித்திருக்கும் மனுஷியின் மூளை.

மூளை சரியாகத்தான் இருந்தது. அது போட்ட உத்தரவுகள்தான் நரம்புகளில் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அபூர்வமான நோய், ஆனால் மெல்லச் சரியாகக்கூடியது என்றார்கள். அவள் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கைகளை இழுத்துக்கொண்டேன். எனக்கு அந்த நன்றி பொருந்தாது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாலு மாதம் கழித்து அவள் சக்கர நாற்காலியில் என் அறைக்கு வந்தாள், கால் நரம்புகளைச் சோதிக்க. குரல் இன்னும் கரகரப்பாக இருந்தது. அதற்கு முன் அவள் அந்த அறையைப் பார்த்ததில்லை. பெரியக்காவைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்க வழியில்லை. அவள் என் நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்.

அந்தப் பதினாறு நாளும் அவளுக்கு எல்லாம் கேட்டதாம். அன்று நேர்கோடு என்று தலைமாட்டில் பேசிக்கொண்டதும் கேட்டதாம். கத்த வாயில்லை. அதனால் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாளாம். மனசுக்குள் மிஷினை மிதித்தாளாம். கால் வரவில்லை. திரும்பத் திரும்ப மிதித்ததில், எங்கேயோ ஒரு கால் கிடைத்ததாம்.

"அது உங்க காலுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வலது பக்கம் நீங்க பயந்து போய் இருந்தீங்க."

நான் குனிந்து என் இடது காலைப் பார்த்தேன்.

"இடது பக்கம் அவங்க இருந்தாங்க. எனக்கு நகர்ந்து இடம் குடுத்தாங்க. உன் காலை மரக்கட்டையா வச்சுக்கோ ராசாத்தி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னாங்க."

மறுபடி என் நாற்காலியைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா அங்கயே இருக்கறவங்க மாதிரி பேசினாங்க."

இப்போதும் தினமும் காலையில் இயந்திரத்தை என் வலது கையில் சோதிக்கிறேன். கம்பியைத் தட்டுகிறேன், கோடு துள்ளுகிறது. கையைத் தளரவிடுகிறேன். சத்தமே இருப்பதில்லை.

இடது கையில் இன்றுவரை ஒட்டிப் பார்க்கவில்லை.