பக்கத்துப் பெண்ணுக்காகக் கேட்கலாம்

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். வகுப்பறைக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது ஆசிரியர் மேசையின் மேல் கிடந்த பழுப்பு உறை. பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு டஸ்டரை வைத்திருந்தார்கள். சாக்பீஸ் தூள் உறையின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மார்கழி மாதம் என்பதால் மலைப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் சாத்தியிருந்தன. நாற்காலியில் ஆள் இல்லை. ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

எண்பதுகளின் பின்பாதியில் ராஜபாளையத்தில் நான் படித்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு தனி வகுப்பு நடத்தினார்கள். மற்ற பிள்ளைகள் அதை "ஸ்பெஷல் பேட்ச்" என்றார்கள். கொஞ்சம் கோபம் வந்தால் "புத்திசாலிக் கொட்டடி" என்றார்கள். நடத்தியவர் கணக்கு ஆசிரியை கமலா டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. தினமும் பஸ்ஸில் வந்து போவார். பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்றைத் திங்களன்று கரும்பலகையின் வலது மூலையில் எழுதுவார். அது வெள்ளி வரை அழியாமல் இருக்கும். முதல் நாளே விடை கண்டவள்கூட வெள்ளி வரை வாய் திறக்கக் கூடாது. செய்தித்தாளில் ஒரு பக்கத்தைப் படிக்க வைத்து, அதைப் பத்து வரியில் எழுதச் சொல்வார். பதினோராவது வரி எழுதினால் முழுவதையும் அடித்துவிடுவார். நான் பின்னால் செய்த வேலைக்கு அந்தப் பத்து வரிதான் முதல் பயிற்சி என்று சொல்ல வேண்டும்.

அறிவு மட்டும் போதாது, குணமும் வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக அவர் வைத்திருந்ததுதான் சனிக்கிழமைத் தேர்வு. வெள்ளி மாலையே பழுப்பு உறையை மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். மறுநாள் ஏழேகாலுக்கு நாங்களே உறையைப் பிரித்து வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். அடியில், நூல் கட்டிய சின்ன உறையில் விடைகள் இருக்கும். எட்டரைக்கு அந்த நூலை அவிழ்த்து, அவரவர் தாளை அவரவரே சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண்ணை அவரவர் கையாலேயே கரும்பலகையில் எழுத வேண்டும். டீச்சர் எட்டே முக்கால் வாக்கில் வருவார். இரண்டு ஆண்டுகளில் அந்த நூலை நேரத்துக்கு முன்னால் யாரும் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. டீச்சர் தந்த விடையிலோ திருத்தியதிலோ தவறு இருப்பதாகத் தோன்றினால், தனக்காக யாரும் கேட்கக் கூடாது. பக்கத்துப் பெண்ணுக்காகக் கேட்கலாம். டீச்சர் உள்ளே வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு முதலில் கேட்பது அதைத்தான்: "யாருக்காவது, யாருக்காகவாவது ஏதாச்சும் சொல்லணுமா?" பேராசை போய், பிறர் பக்கம் நிற்கும் பழக்கம் வரவேண்டும் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

அந்த விதியால் முதலில் பயன் பெற்றவள் நான். ஒன்பதாம் வகுப்பு ஆடி மாதத்தில் ஒரு வடிவியல் கணக்கை நான் வேறு வழியில் போட்டிருந்தேன். விடை வேறு உருவத்தில் வந்திருந்ததால் எனக்கு நானே தப்புப் போட்டுக்கொண்டேன். ஜானகி எழுந்து, "டீச்சர், இவளுக்குச் சரிதான் வந்திருக்கு, பாக்கீயளா" என்று சொல்லி, சாக்பீஸை வாங்கிப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினாள். எனக்கு ஒரு மதிப்பெண் ஏறியது.

ஜானகியும் நானும் ஆலைத் தெருக்காரர்கள். பத்துப் பேரில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுடைய அப்பா ஆலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தார். புருவத்தில் எப்போதும் பஞ்சு இருக்கும். என் அப்பா அதே ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க். சங்கு ஊதும் சுவிட்ச் அவர் மேசைக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது. காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்டுக்கும் ஊதும் "பெரிய சங்கு" ஊர் முழுவதும் கேட்கும். அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால், இழுக்காமல் வெட்டினாற்போல் ஒன்று ஊதுவார்கள். அது "சின்னச் சங்கு". எங்கள் நான்கு தெருவைத் தாண்டி அது போகாது. எங்களுக்கு நேரம் காட்டியது சின்னச் சங்குதான். அது ஊதினால் குடித்துக்கொண்டிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆண்கள் கிளம்பிவிடுவார்கள். பெரிய சங்கு எங்களுக்குத் தாமதமாகிவிட்டதற்கு அறிவிப்பு, அவ்வளவே.

பத்தாம் வகுப்பின் தை மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தேர்வு இருந்தது. மதுரைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய உறைவிடப் பள்ளிக்கு, அதில் தேறிய பெண்களை எடுத்துக்கொள்வார்கள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டு ஆண்டும் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பள்ளிக்கு ஒருவரை மட்டும் அனுப்பலாம். எங்கள் பள்ளியில் அது யார் என்பதைச் சனிக்கிழமைத் தேர்வுகளின் மொத்த மதிப்பெண் முடிவு செய்யும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

ஜானகியின் அப்பா இதைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவார். "சீட்டு கெடச்சா போயிப் படிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலன்னா பத்தோட போதும். இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு கெடக்கு." எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு இல்லை. சீட்டு கிடைக்காவிட்டால் நான் உள்ளூரிலேயே மேல்நிலைப் பள்ளியில் சேர்வதாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னால் ஜானகியும் நானும் சமமாக இருந்தோம். அவள் எனக்காகக் கேட்டு வாங்கித் தந்த ஒன்று இல்லாமலிருந்தால் சமமாக இருந்திருக்க மாட்டோம்.

அந்த மார்கழிக் காலையில் வினாத்தாளில் ஐந்து கணக்குகள். நான்கு கடினமானவை; நான்கையும் இருவரும் சரியாகவே போட்டிருந்தோம். ஐந்தாவது, பார்வைக்கு எளிதானது. வாரம் ஏழு நாளும் மூன்று ஷிப்டு ஓடும் நம் ஊர் ஆலையின் சங்கு, ஒரு திங்கள் காலை ஆறு மணிச் சங்கு முதல் அடுத்த திங்கள் காலை ஆறு மணிச் சங்கு வரை, இரண்டையும் சேர்த்து, எத்தனை முறை ஒலிக்கும்? ஏழையும் மூன்றையும் பெருக்கி இருபத்தொன்று என்று எழுதி ஏமாறுபவர்களைப் பிடிக்க வைத்த பொறி அது. கடைசித் திங்களையும் சேர்த்தால் இருபத்திரண்டு.

நான் இருபத்திரண்டு எழுதவில்லை. இடையில் வரும் சின்னச் சங்கு இருபத்தொன்றையும் கூட்டி நாற்பத்து மூன்று என்று எழுதினேன். எழுதி முடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான், இந்தக் கணக்கை உண்டாக்கியவர் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறவர் என்பது நினைவுக்கு வந்தது. பள்ளி தென்காசி சாலையில் இருந்தது. பகல் இரண்டு மணிப் பெரிய சங்கே அங்கே மெலிந்துதான் கேட்கும். சின்னச் சங்கு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நாற்பத்து மூன்றை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதினேன். நூல் கட்டிய உறை அப்போது பிரிக்கப்படவில்லை. அந்த வகையில் நான் எந்த விதியையும் மீறவில்லை.

எட்டரைக்கு மல்லிகா நூலை அவிழ்த்து விடைகளைப் படித்தாள். அவள் சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள். வாய் சும்மா இருக்காது. "அஞ்சாவது, இருபத்திரெண்டு" என்றாள். என் பக்கத்தில் இருந்த ஜானகி தன் தாளைப் பார்த்தாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள், தன் விடையின் மேல் குறுக்குக் கோடு போட்டாள். மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, நாப்பத்து மூணா? ஒங்க ஆலைக்காரன் என்ன, வேல இல்லாம சும்மா சும்மா ஊதிக்கிட்டே இருப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜானகியும் சிரித்தாள். "ஒனக்கு எம்புட்டு?" என்று மல்லிகாவைக் கேட்டாள்.

"எனக்கு இருபத்தொண்ணு. நான் ஒழுங்கா ஏமாந்திருக்கேன். ஒன்னய மாதிரி கூடக் கொடுத்து ஏமாறல."

கரும்பலகையில் ஜானகி தன் பெயருக்கு நேரே நான்கு என்று எழுதினாள். நான் ஐந்து எழுதினேன். சாக்பீஸ் ஈரமாக இருந்ததால் ஐந்தின் கீழ்வளைவு சரியாக விழவில்லை. அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

டீச்சர் எட்டே முக்காலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். கைப்பையை வைத்தார். பலகையைப் பார்த்தார். "யாருக்காவது, யாருக்காகவாவது ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார்.

ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. ஜானகி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மலைப்பக்கத்து இரண்டாவது ஜன்னலில், மேல் கொக்கி மட்டும் மாட்டியிருந்தது. கீழ்க் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தார்.

வழக்கம்போல ஜானகியும் நானும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். வழியில் அவள் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. அவள் தங்கைக்குச் சின்னம்மை கண்டிருப்பதைப் பற்றிப் பேசினாள். தெரு முனையில் அவளுடைய அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, என்னாச்சு?"

"ஒண்ணு தப்பாயிட்டுப்பா."

"சரி, விடு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சக்கரத்தைத் துடைத்தார்.

அன்று பிற்பகல் ஷிப்டு முடிந்து வந்த என் அப்பாவிடம் நான் தேர்வாகிவிட்டதைச் சொன்னேன். என்னென்ன கேட்டார்கள் என்று கேட்டார். ஐந்தாவது கணக்கையும் சொன்னேன். அவர் சிறிது யோசித்தார்.

"சின்னச் சங்கச் சேத்தாவளா?"

"இல்லப்பா. பெரிய சங்கு மட்டும்னு போட்டிருந்துச்சு."

"அப்பம் சரி" என்றார்.

தை மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கமலா டீச்சரே பஸ் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போய், தன் வீட்டில் இரண்டு இட்லி கொடுத்துத் தேர்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். காலையில் எழுத்துத் தேர்வு. மாலையில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். உன் பள்ளியில் நீ கற்ற நல்ல பழக்கம் ஒன்றைச் சொல் என்றார் நடுவில் இருந்தவர். பக்கத்துப் பெண்ணுக்காகக் கேட்கும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் குறித்துக்கொண்டார். இடம் கிடைத்தது.

ஜானகி பத்தாம் வகுப்பு முடித்ததும் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குப் போனாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் காலை ஷிப்டுக்கோ மாலை ஷிப்டுக்கோ போயிருப்பாள். நானும் தேடிப் போகவில்லை. அப்போது எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இருந்ததாக நினைவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்கும் முன்பு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, ஏறக்குறைய அப்படி இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நாளிதழின் நிருபராக ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோது, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஒரு கையில் நான்கு வயதுப் பெண்ணும் மறு கையில் வயர் கூடையுமாக ஜானகி எதிரே வந்தாள்.

"ஏட்டி, நீயா? ஆம்பளைய மாதிரி பேனாவச் சொருகிக்கிட்டு நிக்க?"

கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் நெல் போடுகிறாராம். வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன்.

"பேப்பர்ல என்ன எழுதுவ?"

"நடந்தத எழுதுவேன்."

"எல்லாத்தையுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு, கூடையைக் கீழே வைத்து மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டே, விலைவாசி பேசும் குரலில் சொன்னாள்: "நீ மொதல்ல நாப்பத்து மூணுதான் போட்ட. பொறவுதான அடிச்ச. நான் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"யாருக்காகச் சொல்ல? எனக்காக நானே எப்படிக் கேக்க?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. விதியைத்தான் சொன்னாள். வத்திராயிருப்பு பஸ் வந்தது. "வாரேன்" என்று சொல்லி, மகளை முதலில் ஏற்றி, கூடையை ஜன்னல் வழியாக யாரிடமோ கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அன்றைய தேரோட்டச் செய்தியைப் பத்து வரியில் எழுதி அனுப்பினேன்.

கமலா டீச்சர் நாங்கள் பள்ளியை விட்ட மறு ஆண்டே மாற்றலாகிப் போனார்; தனி வகுப்பு அதோடு நின்றது. ஆலை மூடப்பட்டு, இடம் மனைகளாகிவிட்டது. டைம் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவமனை. பள்ளி மேல்நிலைப் பள்ளியாகிவிட்டது. சனிக்கிழமைத் தேர்வு இப்போதும் உண்டு. அறைக்கு ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். ஜானகியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த உறைவிடப் பள்ளியில் எனக்குக் கிடைத்த இடத்தில் நான் சேர்ந்தது வரலாற்றுப் பிரிவில். பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நான் கணக்குப் பாடம் எடுக்கவில்லை.