படபடக்காத நெஞ்சு

கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முறை அது வந்தது. நின்ற இடத்திலேயே, மலையேறி ஓடிவந்தவளைப் போல நெஞ்சு அடித்தது. பிள்ளைகள் பயப்படாதபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அட்டன் மலைநகருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அக்கா குடும்பம், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விடப் பதிந்துவிட்டுக் காத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த சிங்களப் பெண் டாக்டர், இதயத் துடிப்பு இடையிடையே ஒழுங்கு தவறுகிறது என்றார். புரோப்ரனலோல் (அட்ரினலின் என்னும் பதற்றச் சுரப்பு இதயத்தை விரட்டாமல் தடுக்கும் மருந்து) கொடுத்தார். படபடப்பு அடங்கியது.

மழை தொடங்கியதும் மூக்கு ஒழுகித் தடிமன் பிடித்தது. விட்டது, மறுபடி பிடித்தது. கணவர் மாத்திரையைச் சந்தேகித்தார்.

"நெஞ்சக் கட்டிப்போடுற மருந்து, ஒடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்தியயும் கட்டிப்போடாதா? நிப்பாட்டிரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறுத்தினேன். சில நாட்களில், பள்ளிக்கூடத்துக்கு ஏறும் வழியில் விழுந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கிவந்தார்கள்.

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. திடீரென நிறுத்தினால் இதயம் முன்னிலும் வேகமாகத் துள்ளும் என்று சொல்லி, மாத்திரையை மறுபடி தொடங்கவைத்தார். கணவரின் சந்தேகத்தையும் சிரிக்காமல் கேட்டார். பயப்படும்போதும் மலையேறும்போதும் அட்ரினலின் வெள்ளணுக்களையும் (கிருமிகளை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) கிளப்பி இரத்தத்தில் ஓடவிடுமாம். ஓய்ந்ததும் அவை திரும்பிவிடுமாம். மாத்திரை போடுபவருக்கு அந்த ஓட்டம் குறையலாம்.

"அணுக்கள் அழிவதில்லை. ஒவ்வொரு பதற்றத்துக்கும் எழுந்து ஓடுவதுதான் குறைகிறது," என்று அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அது நல்லதா, கெட்டதா என்று கேட்டேன். இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றார். தடிமனுக்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்லவும் முடியாதாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அவரை நம்பினேன்.

அக்கா போகும் நாள் வந்தது. அட்டன் ஸ்டேஷன் முழுக்க அழுகை. ரயில் ஜன்னலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டாள்: "மாத்திர போட்டியா?"

"போட்டேன்க்கா."

ரயில் நகர்ந்தது. கண்ணீர் நிற்கவில்லை. ஆனால் நெஞ்சு, வேறொருத்தியின் அக்கா போவதைப் போல, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மேல் எனக்குப் பாசம் குறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

இதே மாத்திரையை விழுங்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு எச்சரிக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஏற்றத்தின் கடுமையை இப்போது கால்களிடமும் மூச்சிடமும்தான் கேட்கிறேன். அவை தாமதமாகத்தான் சொல்கின்றன.

துக்கமும் தாமதமாகத்தான் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு, ஒரு மத்தியானம், கடையில் அக்கா பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாண் (ரொட்டி) கேட்டுவிட்டேன். நெஞ்சு அப்போதும் நிதானமாகத்தான் அடித்தது. கால்கள்தான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.