வரிசையில் நின்ற அரைச் செங்கல்

மண்ணெண்ணெய் வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை, நாவலூரில், எட்டாவது மாடியில்.

நண்பர் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறார். பால்கனிக் கதவு கிறீச்சிட்டது. எங்கிருந்தோ ஒரு சின்ன பாட்டிலைத் தேடி எடுத்து, துணியில் நனைத்துக் கீலைத் துடைத்தார். அவ்வளவுதான். கிரானைட் தரை, லிஃப்ட், கீழே நீச்சல் குளம் எல்லாம் மறைந்து, நான் செங்கல்பட்டில் ஒரு ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள்... சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமான புதிது, தெருவுக்குப் புதிது, ரேஷன் கார்டும் புதிது. கடையின் பலகையில் 'நியாய விலைக் கடை' என்று பச்சை பெயிண்டில் எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ரேஷன் கடை, அவ்வளவுதான். நியாயம் என்ற சொல்லுக்குத் தெருவில் வேறு வேலைகள் நிறைய இருந்தன.

நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "நியாயம் கேட்கப் போகிறேன்" என்றால் சண்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று பொருள். "பெரிய நியாயம் பேச வந்துட்டான்" என்றால் வாயை மூடு. "நியாயமாப் பார்த்தா..." என்று ஆரம்பித்தால், அடுத்து வருவது சொல்கிறவருக்கு வசதியான ஏதோ ஒன்று. மீன்காரர் "நியாயமான சைஸ்" என்றால் அது சின்ன மீன். "ஊர் நியாயம் உனக்கெதுக்கு?" என்றால் வம்பு. இத்தனை பேருக்கு வேலை செய்யும் சொல்லுக்குத் தன் சொந்த வேலையைப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

கதைக்கு வருகிறேன்.

அன்று மாதக் கடைசி. அந்த மாதத்து மண்ணெண்ணெய்க்கு அன்றுதான் கடைசி நாள். விட்டால் போனது போனதுதான். காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். கடை திறப்பது ஒன்பதுக்கு. வாசலில் ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் வரிசை இருந்தது. கேன்கள், பைகள், ஒற்றைச் செருப்பு, நசுங்கிய பக்கெட், நடுநடுவே கற்கள். வீட்டு வேலைக்கு நடுவே வந்து, பொருளை வைத்து இடம் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது புரிந்தது. கற்கள் மட்டும் புரியவில்லை. பைகள் பறக்காமலிருக்கப் பாரம் வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

என் துணிப்பையைக் காலி கேனோடு கடைசியில் வைத்தேன். காற்று உருட்டிக்கொண்டு போனது. எடுத்துவந்து வைத்தேன். மறுபடி உருண்டது. பக்கத்தில் ஒரு அரைச் செங்கல், ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசியது, சும்மா கிடந்தது. எடுத்துப் பைக்குள் போட்டேன். பை அசையாமல் உட்கார்ந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு காபி குடிக்க வீட்டுக்குப் போனேன்.

ஒரு பஸ் தூரத்தில் மாமல்லபுரம். பாறைக்குள்ளே யானையைப் பார்த்தவர்கள் வாழ்ந்த ஊர். எனக்கு ஒரு செங்கல்லுக்குள்ளே எஸ்தர் என்று ஒருவர் இருப்பது தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்து அவரவர் பொருளுக்குப் பக்கத்தில் நின்றோம். நான் பையை அப்படியே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னாலும் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். அப்போதுதான் எஸ்தர் வந்தார். நீல நிற யூனிஃபார்ம் புடவை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதோ கம்பெனி கேன்டீனில் வேலை; ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கிறார். வரிசையின் ஓரமாகவே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தவர், என் காலடியில் வந்து நின்றார்.

"இங்க ஒரு கல்லு வச்சேனே. அரைக்கல்லு, சுண்ணாம்பு அடிச்சது. யாரு எடுத்தது?"

என் தோளில் பை திடீரென்று கனத்தது.

வரிசைக்கு ஒரு தலைவர் இருந்தார். ராஜவேலு. தபால் ஆபீசில் இருந்து ரிட்டயரானவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தானாகவே பதவி ஏற்றவர். அவர் சட்டத்தை எடுத்துச் சொன்னார்: கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம், கல் இல்லை என்றால் ஆள் இல்லை.

எஸ்தர் ஐந்தரைக்கே வைத்ததாகச் சொன்னார். குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது வைத்தாராம். யார் பார்த்தார்கள் என்று கேட்டார் ராஜவேலு. யாரும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மாள், லேட்டா வர்றவங்க எல்லாரும் கல்லு வச்சேன்னுதான் சொல்லுவாங்க என்றார். இன்னொருவர், பொய் சொல்லவும் ஒரு முகம் வேணும் என்றார். சிரித்தார்கள்.

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?" எஸ்தரின் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா விறகுலதான் ஆக்கிகினு கீறேன். அந்தப் பொகைல வூட்டுக்காரருக்கு வீசிங். ராத்திரியெல்லாம் உக்காந்துகினே கீறாரு. கடைசில போய் நின்னா கிருஷ்ணாயில் கெடைக்குமா? எனக்கு வண்டி போய்டும்."

நான் எதற்கு வாயைத் திறக்கவில்லை? பையைத் திறந்து கல்லைக் காட்டினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. ஆனால் தெருவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல் திருடிய மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது? இந்தக் கணக்கை மனம் போட்டுக்கொண்டிருக்கும்போதே ராஜவேலு என் பக்கம் திரும்பினார்.

"சார் படிச்சவரு. பேப்பர்லகூட எழுதறாரு. சார் சொல்லட்டும், இதுல இன்னா நியாயம்?"

பேப்பர் என்று அவர் சொன்னது நூறு பேர் படிக்கும் ஒரு சிற்றிதழ். இருந்தாலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகத்திலேயே, குற்றப் பொருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்ன நீதிபதி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்டையைச் செருமினேன். விதி முக்கியம்தான், ஆனால் விதிக்கு மேலே மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது... என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கடைசியில், "அவங்க எனக்கு முன்னாடி நிக்கட்டும்" என்று சொல்லிப் பெருந்தன்மையாக ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

வரிசை நெகிழ்ந்துபோயிற்று. பின்னால் முணுமுணுத்த அம்மாளே, தம்பிக்கு நல்ல மனசு என்றார். இதுதான் தர்மம் என்றார் ராஜவேலு. பாருங்கள், எப்படி இருக்கிறது! எஸ்தரின் இடத்தை எஸ்தருக்கே கொடுத்தேன், அது தர்மமாகிவிட்டது. கல்லைக் காட்டிக் கொடுத்திருந்தால் நியாயம். காட்டாமல் கொடுத்ததால் தர்மம். நியாயத்துக்குத் திட்டு கிடைத்திருக்கும். தர்மத்துக்குப் பாராட்டு.

எஸ்தர் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவருக்கு மண்ணெண்ணெய் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. பையிலிருந்து கேனை மட்டும் உருவி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வண்டிக்காக விறுவிறுவென்று நடந்தார் அவர். வண்டி வரும் முனையில்தான் அவருடைய நாத்தனார் வீடாம். கேனை அங்கே கொடுத்துவிட்டு வந்து நின்றார். அங்கே போய்ப் பிடித்தேன். ஆளில்லாத இடம் பார்த்துப் பையைத் திறந்து காட்டினேன். தெரியாமல் எடுத்துவிட்டேன், அங்கே சொல்லத் தைரியம் வரவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். மனசு லேசாகிவிட்டது. எவ்வளவு சுலபம்!

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டி வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவர் திரும்பினார்.

அவர் சொன்னதை நான் செய்யவில்லை. கடை வாசலைத் தவிர்த்து, பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த வருடமே வீடு மாற்றினோம். அதற்குப் பிறகு நியாயம் பற்றி எத்தனை பத்தி எழுதியிருப்பேன்! நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ராஜவேலுவோ, அந்த வரிசையில் நின்ற யாராவதோ இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: எஸ்தர் பொய் சொல்லவில்லை. கல்லை எடுத்தது நான்.

வண்டிப் படியில் நின்றுகொண்டு அவர் சொன்னது இதுதான்:

"என்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? கல்லு வச்சது எனக்குத் தெரியாதா? என்னைப் பொய்க்காரின்னு சொன்னவங்க அங்கதான் நின்னுகினு கீறாங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லு சார்."